நிழற்குடையும் நகரத் திட்டமும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு சங்கத்தின் நிழலில்தான் நிற்கிறார்கள். நான்கு இரும்புத் தூண், மேலே தகரக் கூரை, உட்கார எவர்சில்வர் குழாய்களை வரிசையாகப் பற்றவைத்த இருக்கை. கூரையின் நெற்றியில் ரோட்டரியின் பல்சக்கரமோ அரிமாவின் இரட்டைச் சிங்கமோ இருக்கும். அதற்குக் கீழே தலைவர், செயலாளர், பொருளாளர், திட்டத் தலைவர் என நான்கைந்து பெயர்கள், திறந்து வைத்த சங்க மாவட்ட ஆளுநரின் பெயர், ஆண்டு. நகராட்சியின் பெயர் இருந்தால் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ஊரின் பெயர் சில சமயம் இருப்பதே இல்லை.

ஐந்தாறு வருடம் கழித்து அதே இடத்துக்குப் போனால் சாலை அகலமாகியிருக்கும். நிறுத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். நிழற்குடை இடிக்கப்படாமல் தப்பியிருந்தால் அதன் கீழே இளநீர்க் குலையோ இருசக்கர வாகனங்களோ நிற்கும். அந்தச் சாலை விரியப்போகிறது என்பது திடீரென வந்த செய்தியாக இருக்காது. எங்கோ ஓர் அலுவலக வரைபடத்தில் அது முன்பே கோடாக இருந்திருக்கும். சங்கம் அந்த வரைபடத்தைக் கேட்கவில்லை. அனுமதித் தீர்மானம் போட்ட நகர்மன்றமும் எடுத்துக் காட்டவில்லை.

சேவைச் சங்கங்களின் பணிகளையும் உள்ளாட்சிகளின் வளர்ச்சித் திட்டமிடலையும் பற்றி எழுதுபவர்கள் இரண்டையும் தனித்தனியாகவே எழுதிவருகிறார்கள். முதலாவது பாராட்டுக் கட்டுரையாகவும் இரண்டாவது குற்றப்பத்திரிகையாகவும் முடிந்துவிடுகிறது. இரண்டும் எங்கே சந்திக்கின்றன, எங்கே ஒன்றையொன்று பார்க்காமல் கடந்து போகின்றன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

தொடக்கத்தில் இரண்டும் ஒரே ஊரில் இருந்தன. 1905 பிப்ரவரியில் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது ரோட்டரி. ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்து வாங்கிக்கொள்வதே ஆரம்ப நோக்கம். ஊருக்கென்று அது செய்த முதல் வேலை, நகர மையத்தில் ஒரு பொதுக் கழிப்பறை. 1907-இல் பேச்சைத் தொடங்கி 1909-இல் முடித்தார்கள். எதிர்ப்பு வந்த திசைதான் வேடிக்கை: மது ஆலைக்காரர்களின் சங்கமும் பெரிய கடைக்காரர்களும். மதுக்கடையிலும் துணிக்கடையிலும் கழிப்பறை இருக்கிறதே என்றார்கள். அதாவது, ஆத்திரத்துக்கு உள்ளே வருபவர் ஒரு கோப்பை பீரோ ஒரு முழத் துணியோ வாங்காமல் போகமாட்டார் என்ற கணக்கு. சங்கத்தால் இதைத் தனியாகச் சாதித்திருக்க முடியாது. நகர நிர்வாகத்தை இடமும் பணமும் தர வைத்ததுதான் அதன் பங்கு.

அதே 1909-இல் அதே சிகாகோவில் இன்னொரு சங்கம் ஒரு புத்தகம் வெளியிட்டது. கமர்ஷியல் கிளப் என்ற பெருவணிகர் சங்கம், டேனியல் பர்ன்ஹாம், எட்வர்ட் பென்னெட் என்ற இரு கட்டடக் கலைஞர்களைக் கொண்டு நகரம் முழுவதற்கும் வளர்ச்சித் திட்டம் தயாரித்தது. ஏரிக்கரைப் பூங்காக்கள், அகலச் சாலைகள், ரயில் நிலைய மாற்றங்கள் என எல்லாம் அதில் இருந்தன. நகர நிர்வாகம் அதை நடத்திக் காட்ட ஓர் ஆணையம் அமைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டத்தைப் பாடமாக்கி 1911-இல் ஒரு நூலும் வந்தது. ஏழைகளின் வீட்டுவசதியை அந்தத் திட்டம் ஏறக்குறைய மறந்தேவிட்டது. அதைப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆக ஒரு சங்கம் கழிப்பறை கட்டியது, இன்னொரு சங்கம் நகரத்தின் அடுத்த அரை நூற்றாண்டை வரைந்தது. கடல் தாண்டி நம் ஊருக்கு வந்து வேரூன்றியது முதல் வகை. ரோட்டரி 1929-இல் மதராசுக்கு வந்தது. அரிமா இயக்கம் 1956-இல் இந்தியாவுக்கு வந்தது. ஜேசீஸ், ரவுண்ட் டேபிள், இன்னர் வீல் எல்லாம் மில்களும் மண்டிகளும் இருந்த ஊர்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கப்பட்டன. இரண்டாவது வகை வரவே இல்லை.

வந்திருக்க வாய்ப்பு இருந்தது. 1914-இல் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் தன் நகரமைப்புக் கண்காட்சியோடு மதராசுக்கு அழைக்கப்பட்டார். அவர் வேறு கப்பலில் வர, கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த ‘கிளான் கிராண்ட்’ கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆம், செப்டம்பரில் மதராஸ் மீது குண்டு போட்டு, இன்றுவரை நம் பேச்சில் ‘பெரிய எம்டன்’ ஆக வாழும் அதே கப்பல்தான். நண்பர்கள் புதிதாகப் படங்களும் வரைபடங்களும் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் மதராசில் கண்காட்சி நடந்தது. அதன்பின் கெடிஸ் மாகாணத்து ஊர்களில் நடந்தே சுற்றி அறிக்கைகள் எழுதினார். கோவையும் மதுரையும் காஞ்சியும் அவற்றில் உண்டு. திட்டம் போடுவதற்குமுன் ஊரைப் பார், சந்தைப் பார், கிணற்றைப் பார், அங்கே குடியிருப்பவரிடம் கேள் என்பது அவர் முறை. இந்தூரில் நகர்த் தூய்மைக்காகத் தீபாவளி ஊர்வலமே நடத்தி, சுத்தமான தெருக்களுக்கு மரியாதை செய்தவர். 1920-இல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தபோது வரைபடம் மட்டும் சட்டத்துக்குள் வந்தது. ஊர்வலம் வெளியே நின்றுவிட்டது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். சங்கத்தின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ரோட்டரிக்கும் அரிமாவுக்கும் இதுவே வழக்கம். தலைவர் பதவி ஒரே ஆண்டு. பணியேற்பு விழா, ரத்த தான முகாம், சுதந்திர தினக் கொடியேற்றம், ஆளுநர் வருகை, குடும்ப விழா எல்லாம் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள். ஆளுநர் வரும் நாளில் திறந்து வைக்க ஏதாவது ஒன்று தயாராக நிற்க வேண்டும். ஆகவே மூன்று மாதத்தில் முடிகிற, புகைப்படத்தில் தெரிகிற, பெயர் எழுத இடமிருக்கிற பொருளைத் தேடுகிறார்கள். நிழற்குடை, குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கு மேசை நாற்காலி, பூங்காவுக்கு உடற்பயிற்சிக் கருவி. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நாள்காட்டி அப்படி. மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. நகரின் முழுமைத் திட்டம் இருபது ஆண்டுக்குப் போடப்படுகிறது. அடுத்த ஜூலையில் வரும் தலைவருக்குப் போன ஜூனில் நட்ட மரக்கன்றின் மேல் எந்தக் கடமையும் இல்லை. அவருக்கு அவருடைய மரக்கன்று.

இந்த நாள்காட்டியை மீறி ஜெயித்த இடங்கள் உண்டு. பெரிதாகப் பேசப்படுவது போலியோ. ரோட்டரி 1985-இல் உலக அளவில் அதைக் கையில் எடுத்தது. இந்தியாவில் 1995-இல் அரசு சொட்டு மருந்து முகாம்களைத் தொடங்கியபோது, நாள் குறிப்பதும் மருந்து கொடுப்பதும் கணக்கு வைப்பதும் அரசின் வேலை, சாவடியில் ஆள் நிறுத்துவதும் தெருத்தெருவாகச் சொல்வதும் சங்கங்களின் வேலை என்று பிரிந்தது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹவுராவில். 2014 மார்ச்சில் சான்றிதழ் வந்தது. தலைவர்கள் ஆண்டுதோறும் மாறினாலும் வேலை நிற்கவில்லை. திட்டம் வேறொருவர் கையில், மாறாமல் இருந்தது.

இதைவிட நுணுக்கமான பாடம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அந்த நிறுவனத்தின் கிராம முகாம்களைப் பெரும்பாலும் அரிமா, ரோட்டரி சங்கங்களே ஏற்று நடத்தின. பள்ளிக்கூடம் பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. மருத்துவர், கருவி, அறுவை சிகிச்சை எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. இத்தனை கச்சிதமாக நடந்தும், 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமுக்கு வருவதில்லை என்று காட்டியது. மருத்துவமனை அந்தக் கணக்கைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளவில்லை. 2004 முதல் சிறு ஊர்களில் நிரந்தரக் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. முகாம் என்ற வடிவத்தின் எல்லையை முகாமில் புகழ்பெற்ற நிறுவனமே அளந்து பார்த்து வெளியே சொன்னது. நம் நலத்திட்ட விழாக்களில் நான் காணாதது இந்த அளத்தலைத்தான். எத்தனை பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தோம் என்ற எண் நோட்டீஸில் இருக்கும். மறுவருடம் எத்தனை இயந்திரம் ஓடுகிறது என்ற எண் எங்கும் இருக்காது.

மூன்றாவது உதாரணம் மயானம். கொங்குப் பக்கம் பல ஊர்களில் உள்ளாட்சி இடத்தில் உள்ள எரிவாயுத் தகன மேடையை நடத்துவது ரோட்டரி அல்லது அரிமா சங்கத்தைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளை. இரவு ஒரு மணிக்கு அழைத்தாலும் யாராவது எடுத்துப் பேசுவார்கள். குளிர்பெட்டியும் அமரர் ஊர்தியும் வந்து சேரும். இன்ன நேரம் என்று சொல்லிவிடுவார்கள், சாம்பலைச் சட்டியில் கட்டி ரசீதோடு கொடுப்பார்கள். இடம் பொதுச்சொத்து, நடத்துவது தனியார் நற்பணி. சாவுக்கு ஜூலை-ஜூன் கணக்கு கிடையாது என்பதால் சங்கத்தார் இங்கே ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். ஆண்டுதோறும் மாறும் நிர்வாகிகளிடம் இதை விடாமல் நிலையான அறங்காவலர்களைக் கொண்ட தனி அறக்கட்டளை அமைத்தார்கள். சங்கங்கள் நடத்தும் நிலையான கண் மருத்துவமனை, ரத்த வங்கி, பள்ளி எதை எடுத்துப் பார்த்தாலும் உள்ளே இப்படியொரு அறக்கட்டளை இருக்கும்.

தோற்ற கதைகள், அல்லது பாதியில் நின்ற கதைகள், இதைவிடச் சுவாரசியமானவை. 1989-இல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா, தெரு அளவில் வீட்டுக்காரர்களைச் சேர்த்து, ஆளுக்குக் கொஞ்சம் மாதச் சந்தா வாங்கி, மூன்று சக்கர வண்டியில் வீடுவீடாகக் குப்பை எடுத்தது. மாநகராட்சித் தொட்டி தெருமுனையில் நிரம்பி வழிந்த காலத்தில் அது பெரிய மாற்றம். 2000-இல் மாநகராட்சி சில மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது, சந்தா கொடுத்து வந்த தெருக்காரருக்கு ஒரே கேள்விதான்: இனி எதற்குக் கொடுக்க வேண்டும்? மக்கள் பத்து வருடமாகக் கட்டிய ஏற்பாட்டைப் புது ஒப்பந்தம் கணக்கிலேயே எடுக்கவில்லை. மாநகராட்சியைக் குறை சொல்வது எளிது. எக்ஸ்னோராவும் தெருவுக்கு மேலே, மன்றத்தின் திட்டத்துக்குள், தனக்கென்று ஓர் இடத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதும் உண்மை.

கோவைக் குளங்களின் கதை இன்னும் சிக்கல். 2003-இல் தொடங்கிய சிறுதுளி அமைப்பு, நகரின் தொழில் நிறுவனங்களின் ஆதரவோடு நொய்யலையும் அதன் குளங்களையும் மீட்கும் வேலையில் இறங்கியது. 2013-இல் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரும் பணியில் மாநகராட்சியோடு இப்படிப்பட்ட அமைப்புகளும் மாணவர்களும் தொழிலாளர்களும் கைகோத்தார்கள். குளத்தில் கைவைப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. கரையில் நின்று படம் எடுக்கலாம். ஆனால் குளத்துக்குத் தண்ணீர் வருவது வாய்க்காலில். வாய்க்கால் ஓடுவது பட்டா நிலங்களுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் நடுவே. அங்கே விவசாய நிலம் குடியிருப்பாக மாறுவதைத் தீர்மானிப்பது நிலப் பயன்பாட்டு வரைபடம். கோவைக்கு அந்த வரைபடம் 1994-இல் ஒப்புதல் பெற்றது. 2011-இல் மாநகராட்சி விரிந்து 100 வார்டுகள் ஆனபின்னும் அதுவே ஆண்டது. புதிய வரைவு மக்கள் கருத்துக்கு வந்தது 2024-இல். அந்த முப்பது ஆண்டுகளில் குளத்தைத் தூர்வார வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, நிலப் பயன்பாட்டு மாற்றக் கோப்புகளைத் தொடர்ந்து பார்த்துக் கேள்வி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. 2016-இல் கோவை சீர்மிகு நகரத் திட்டத்தில் தேர்வாகி, குளக்கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தன. நகரவாசிகள் மாலையில் கூட்டமாக நடக்கிறார்கள். கரையைக் கான்கிரீட் ஆக்கிவிட்டார்கள் என்று சூழலியலாளர்கள் வருந்துகிறார்கள். இருவர் சொல்வதும் சரி.

திட்டமிடல் என்ற மறுபக்கத்தைப் பார்ப்போம். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்குரிய 18 பொறுப்புகளின் பட்டியலில் முதலாவதாக வைத்தது நகரமைப்புத் திட்டமிடலைத்தான். தமிழ்நாட்டில் அது இன்றும் பெருமளவு மாநிலத் துறையின் கையில். சென்னைக்கு சி.எம்.டி.ஏ., மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டம் வெளியானால் குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் வரும் மனுக்களின் தன்மையை நகரமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். என் சர்வே எண்ணை விவசாயத்திலிருந்து குடியிருப்பாக்குங்கள், என் நிலத்தின்மேல் போகும் திட்டச் சாலையைப் பக்கத்து நிலத்துக்குத் தள்ளுங்கள் என்பவையே அதிகம். இந்த வார்டுக்கு விளையாட்டு மைதானம் இல்லை, அந்த வாய்க்கால் வரைபடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று பொதுவில் எழுதுகிறவர் அரிது.

திட்டத்தில் மைதானம் குறிக்கப்பட்டாலும் கதை முடிவதில்லை. அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, பூங்காவுக்கோ சாலைக்கோ ஒதுக்கிய தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் வேலை அறிவிக்கை வந்த மூன்று ஆண்டுக்குள் தொடங்காவிட்டால், நிலம் விடுபட்டதாகக் கருதப்படும். நகராட்சியிடம் நிலம் வாங்கக் காசு இருப்பதில்லை. மூன்று ஆண்டு ஓடிவிடும். பிறகு நீதிமன்றத்தில் ஒரு மனு, ஓர் உத்தரவு. வரைபடத்தில் பச்சையாக இருந்த கட்டம் மனையாகும்.

மிஞ்சுவது மனைப்பிரிவுகளில் விடப்படும் பத்து சதவீத இடம். கோவைக்காரர்கள் அதை ‘ரிசர்வ் சைட்’ என்பார்கள். 2019-இன் கட்டட விதிகள்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிடத்தில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தந்தே ஆக வேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்டால் இடத்துக்குப் பதில் பணம் கட்டலாம். எழுதித் தந்தபின் வேலி போட ஆளில்லை. முட்செடி முளைக்கும், பிறகு ஒரு சின்னக் கோயில், பிறகு ஒரு ஷெட். சேவைச் சங்கங்கள் உண்மையிலேயே பெரிய உதவி செய்யக்கூடிய இடம் இது. சில சங்கங்கள் ரிசர்வ் சைட்டைத் தத்தெடுத்துப் பூங்கா ஆக்கிப் பராமரிக்கின்றன. சில இடங்களில் அதே பூங்காவுக்குள் சங்கத்துக்கு ஒரு கூட்ட அரங்கமும் முளைத்துவிடுகிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

பணத்தின் வழி இன்னொன்று. 1990-களின் பிற்பகுதியில் வந்த ‘நமக்கு நாமே’ திட்டம், பெயர் மாறி, மீண்டும் 2021-இல் பழைய பெயரிலேயே வந்தது. பொதுமக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு போடும். நன்கொடையாளர் பாதியோ அதற்கு மேலோ தந்தால் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யவும் வழி இருந்தது. சங்கங்கள் இதை நன்றாகவே பயன்படுத்தின. குறை அதன் கணக்கிலேயே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு திரட்ட முடிகிற வார்டுக்கு அரசின் மூன்றில் இரண்டு பங்கும் போகிறது. சங்கத்து உறுப்பினர்கள் குடியிருக்கும் நகருக்கு இரண்டாவது பூங்கா வரும். சாயப்பட்டறைத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுத் தெருவுக்கு முதல் கழிவுநீர்க் கால்வாய் வராது. வளர்ச்சித் திட்டம் என்ற ஒன்று தேவைப்படுவதே இந்தச் சாய்வைச் சரிசெய்யத்தான். கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிக்குத் தந்து, வார்டுக் கூட்டத்தில் முன்னுரிமை பேச வைத்தது. அங்கே முதல் கேள்வி எது அவசரம் என்பது. யார் காசு தருவார் என்பது பிறகு.

நமக்கும் வார்டுக் குழு, பகுதி சபா என்ற ஏற்பாடுகள் 2022-இல் விதிகளாக வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பகுதி சபாக்கள் கூடின. வருகிறவர்கள் தெருவிளக்கையும் குப்பையையும் பேசுகிறார்கள். அதுவும் வேண்டியதே. 2016 அக்டோபரில் முடிந்த நகர்மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்காத மாநிலத்தில், கவுன்சிலரை நேரில் நிறுத்திக் கேட்கும் பழக்கமே புதிதாக வர வேண்டியிருக்கிறது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் தனி அலுவலர்களிடம் மனு கொண்டுபோன கைகள் பல, குடியிருப்போர் சங்கங்களுடையவையும் சேவைச் சங்கங்களுடையவையும்தான். இன்று அதே சங்கத்தார் பகுதி சபாவுக்கு வருவது குறைவு. ஆணையரை அலுவலகத்தில் பார்க்க முடிகிறவருக்குச் சமுதாயக் கூடத்தில் வரிசையில் உட்கார என்ன தேவை?

ஏன் இந்தச் சங்கங்கள் திட்டமிடலுக்குள் நுழையத் தயங்குகின்றன? நேரமின்மை, அரசியல் ஒவ்வாமை என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். என் கணிப்பு வேறு. சங்க உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள்: கட்டடப் பொறியாளர், மனை வணிகர், மில் உரிமையாளர், மருத்துவமனை முதலாளி, பட்டயக் கணக்காளர், வழக்கறிஞர். ஊரில் வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அந்த மேசையில்தான் இருக்கிறார்கள். வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் லாபமோ நட்டமோ அடைகிறவர்களும் அவர்களே. நிழற்குடை யாரையும் பகைக்காது. வாய்க்கால் எல்லையை அளக்கச் சொன்னால் வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நண்பரின் மனைப்பிரிவில் கல் நடவேண்டி வரலாம். சிகாகோப் பெருவணிகர்களின் திட்டத்தில் ஏழையின் வீடு விடுபட்டதும் இதே காரணத்தால்தான். அதனால் சங்கங்களே திட்டம் போடட்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வந்து பேசட்டும். பேசுமுன் தங்களுக்கு எந்த சர்வே எண்ணில் நிலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேசட்டும். அப்படிச் சொல்லிப் பேசிய பொறியாளரின் ஆட்சேபணைக்கு, சும்மா வந்த நூறு அஞ்சலட்டையைவிட எடை அதிகம்.

2014 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று ஆனபின், சங்கங்கள் வழியாக ஓடும் பணமும் பெருகியிருக்கிறது. ரோட்டரி தன் உலக நிதியிலிருந்து 30,000 டாலருக்குக் குறையாத திட்டங்களுக்குத் தரும் மானியத்துக்கு, முதலில் அந்த ஊரின் தேவை மதிப்பீட்டைக் கேட்கிறது. திட்டம் முடிந்தபின் எப்படி நிலைக்கும் என்றும் கேட்கிறது. நம் மன்றங்கள் நன்கொடையை ஏற்கும் தீர்மானத்தில் இந்த அளவுகூடக் கேட்பதில்லை. ‘மன்றம் அனுமதிக்கலாம்’ என்ற ஒற்றை வரியோடு பொருள் முடிந்துவிடுகிறது.

நன்கொடை விண்ணப்பத்தில் மூன்று கேள்வி சேர்க்கச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை, ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும். இந்த இடம் முழுமைத் திட்டத்தில் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது, அதன்மேல் திட்டச் சாலையோ நீர்வழியோ போகிறதா என்பது முதலாவது. இதே பொருள் இல்லாத வேறு வார்டு இருக்கிறதா என்பது இரண்டாவது. ஐந்தாம் ஆண்டில் இதற்கு வண்ணம் பூச, குழாய் மாற்ற, மின் கட்டணம் கட்ட யார், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து பணம் தருவார் என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கு நகரமைப்பு ஆய்வாளரின் மேசையில் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதை நிரப்ப, சங்கத்தின் அடுத்த ஆண்டுத் தலைவரும் நகராட்சியின் கணக்கரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.